ரீச்சர் வீட்டு முற்றத்துக்கு மேலே 11 செக்கன்: தம்பியின் கல்யாணத்துக்குப் பிடித்த ட்ரோன் வீடியோ சேவை பற்றி

முதலே சொல்லிவிடுகிறேன், படம் அழகாகத்தான் வந்திருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், வீட்டுப் பெரியவர்களோடு மரியாதையாகப் பழகினார்கள், சாப்பிடக் கூப்பிட்டபோதுகூட வேலை முடியட்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுக்கிறேன். அந்த இரண்டும் தரையில் நின்று எடுத்த இரண்டு கமராக்காரத் தம்பிமாருக்கு. மேலே பறந்த கமராவுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்தால் கொழும்பில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு இதைத்தான் பிடிக்கிறார்கள்.

ஸ்டூடியோவின் பெயரைப் போடவில்லை. அவர்களோடு பேச வேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதைவிட, பிடிப்பதற்கு முன் விலை கேட்ட மற்ற மூன்று இடங்களிலும் இதே பேச்சைத்தான் கேட்டேன். ஒருவருடைய பெயரை மட்டும் போட்டால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு. மூன்று மாடி, மேலே மொட்டை மாடி. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. எங்களுக்கு வலப்பக்கம் ஒரே ஒரு பழைய ஓட்டு வீடு மட்டும் மிச்சம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். அது ரீச்சர் வீடு. இந்த வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கல்யாணம் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். ஆனால் பால் அறுகு வைப்பதும் மாப்பிள்ளை புறப்பாடும் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். மொட்டை மாடியில் சின்னப் பந்தல் போட்டோம். படமும் வீடியோவும் சேர்த்து 2,85,000 ரூபா, ட்ரோனுக்குத் தனியாக 35,000. ட்ரோன் வேண்டாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன், காசை யோசித்து. ஸ்டூடியோவில் ட்ரோன் ஓட்டும் பொடியன் போனில் ஒரு சாம்பிள் வீடியோ காட்டினான். கடலிலிருந்து தொடங்கி, ரயில் பாதையைக் கடந்து, மரைன் டிரைவைக் கடந்து, ஒழுங்கை நெடுக வந்து, மாடியில் தலைப்பாகையோடு நிற்கும் மாப்பிள்ளையில் வந்து முடியும். அம்மா அதை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை.

அந்த ஷொட் உண்மையிலேயே வந்தது. விடிய ஏழு மணி வெயில் வீட்டுக்குப் பின்னாலிருந்து விழ, கடல் நீலமும் பச்சையுமாக, அப்போதுதான் ஒரு ரயில் தெகிவளைப் பக்கம் போகிறது. மாடியில் அப்பா தம்பியின் தலையில் அறுகம்புல்லால் பாலைத் தொட்டு வைக்கும்போது அந்தப் பால் நெற்றியில் ஒரு கோடாக இறங்கியதைக் தரையில் நின்ற கமராக்காரர் ஒருவர் மிகக் கிட்டவாக எடுத்திருந்தார், அதைப் பார்த்து நான் அழுதேன். இதெல்லாம் நியாயமாகச் சொல்ல வேண்டியவை. வேலை தெரிந்த ஆட்கள்.

கல்யாணம் முடிந்து அன்றிரவு ஒன்பது மணிக்கு ஸ்டூடியோ தங்கள் பேஸ்புக் பக்கத்தில் 45 செக்கன் டீசர் ஒன்று போட்டது. எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் களைப்பில் சரி போடுங்கோ என்றுதான் சொல்லியிருப்போம். நாங்களே அதை இருபது முப்பது பேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். இது எங்கள் பிழை, இதை நான் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரீச்சர் கேற்றடியில் நிற்கிறார். கூட அவருடைய மருமகன். ரீச்சர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "பிள்ளை, ஒரு சின்ன விஷயம் கதைக்க வேணும், உள்ள வரலாமோ" என்றார். மருமகன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று போனை நீட்டினார். ரொறன்ரோவில் இருக்கும் ரீச்சரின் தங்கை டீசரைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக எடுத்துச் சொல்லியிருக்கிறார், "அக்கா, உங்கட வீட்டு முற்றம் பேஸ்புக்கில ஓடுது, பிள்ளையும் இருக்கிறாள், பாருங்கோ" என்று.

ரீச்சரின் மகளுக்குக் குழந்தை பிறந்து அன்றைக்கு 22 நாள். காலையில் மருந்துச் சரக்குத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஈரத்தலையை விரித்துக்கொண்டு, வீட்டு உடுப்போடு முற்றத்தில் கதிரையில் இருந்து குழந்தைக்கு இளவெயில் காட்டிக்கொண்டே பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாமர இலைகளுக்கு ஊடாகத் தொடங்கி, ஓட்டுக் கூரைக்கு மேலால் எழும்பி, எங்கள் பந்தலுக்கு வரும் ஒரு ஷொட். டீசரில் மூன்று செக்கன். அந்த மூன்று செக்கனில் அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறாள், பிறகு சடாரென்று குழந்தையைத் துண்டால் மூடுகிறாள். நானும் அந்த டீசரை எத்தனையோ தரம் பார்த்தேன். எனக்குப் பந்தல் மட்டும்தான் தெரிந்தது. அவளை நான் காணவே இல்லை.

உடனே ஸ்டூடியோவுக்கு எடுத்தேன். டீசரைக் கழற்றினார்கள், அரை மணித்தியாலத்துக்குள், அதற்கு நன்றி. ஆனால் ட்ரோன் ஓட்டிய பொடியன் சொன்னது: "அக்கா, காத்து தள்ளிட்டுது. கடற்கரைப் பக்கம் இப்பிடித்தான்." சரி என்று நானும் அதை அப்படியே மருமகனிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது பொய் என்று தெரிந்தது, அதனால் என் வாயால் ஒரு பொய்யைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னவள் ஆனேன். எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான்.

எப்படித் தெரிந்தது என்றால், வெட்டாத வீடியோ முழுவதையும் கேட்டேன். தர மனமில்லை. மிச்சக் காசு என் கையில் இருந்ததால் தந்தார்கள். அவர்கள் பறக்கவிட்டது டிஜேஐ மினி 4 ப்ரோ. நல்ல சாமான், 249 கிராம், ஒரு பற்றரியில் 34 நிமிடம் வரை பறக்கும் என்று கம்பனி சொல்கிறது, ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டு விட்ட இடத்தில் நிற்கும், காற்று அடித்தால் தானே எதிர்த்துச் சமாளிக்கும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பறப்பையும் அதன் செயலி பதிந்து வைக்கிறது: எந்த இடம், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், றிமோட்டில் விரல் எந்தப் பக்கம் அசைந்தது என்பதுவரை. என் மச்சான் ஒருவருக்கு இந்த வேலை தெரியும். அவர் அந்தப் பதிவைத் திறந்து காட்டச் சொன்னார். பொடியன் தயங்கித் தயங்கித் திறந்தான்.

உயரம் மைனஸ் 3 என்று இருந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்தக் கணக்கு ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. கிளம்பியது எங்கள் மொட்டை மாடி, அது ஏறத்தாழ 11 மீற்றர் உயரம். மைனஸ் 3 என்றால் எங்கள் மாடியை விட மூன்று மீற்றர் கீழே, அதாவது ரீச்சரின் முற்றத்துக்கு மேலே எட்டே மீற்றரில் நின்றிருக்கிறது. அதுவும் 11 செக்கன். விரல் கீழே இழுத்த அடையாளமும் அதிலேயே இருக்கிறது. மச்சான் ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை, "காத்து எண்டால் இப்பிடிப் படி இறங்கின மாதிரி இறங்காது தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் பொடியன், "ஓட்டு வீடும் மாமரமும் வடிவா இருந்தது அக்கா, அதிலயிருந்து எழும்பி வந்தா நல்லா இருக்கும் எண்டு நினைச்சன்" என்றான். கெட்ட எண்ணம் இல்லை என்று நான் நம்புகிறேன். அவனுக்கு அது ஒரு பின்னணி. கதிரையில் ஒரு ஆள் இருந்தது அவனுடைய திரையிலும் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குச் சொல்ல வேண்டும், பயப்படுகிறவர்களுக்கும் உதவும், ட்ரோன் வைத்திருக்கிறவர்களுக்கும் உதவும். இந்த மினி வகைக் கமராவின் லென்ஸ் அகலமானது, 24 மில்லிமீற்றர் என்பார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அதைப் போல ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் விழும். 4கே வீடியோவில் குறுக்காக 3840 புள்ளிகள். ட்ரோன் 60 மீற்றர் தூரத்தில் என்றால் 90 மீற்றர் அகலம் படத்துக்குள் வருகிறது, ஒரு மீற்றருக்கு 43 புள்ளி, ஒரு மனித முகத்துக்கு ஆறு ஏழு புள்ளிதான் கிடைக்கும். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. எட்டு மீற்றர் உயரத்திலிருந்து சாய்வாக ஒன்பது மீற்றர் தூரம் என்றால் அகலம் 13 மீற்றர் சொச்சம், முகத்துக்கு மட்டும் நாற்பது புள்ளிக்கு மேல் வரும். ரொறன்ரோவில் இருக்கிற சித்தி தன் பெறாமகளை ஒரு போன் திரையில் அடையாளம் கண்டுவிட்டார் அல்லவா, இதனால்தான். கடலுக்கு மேலிருந்து எடுத்த அந்த அழகான ஷொட்டில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரருக்கும் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை முழுவதும் அந்த எட்டு மீற்றரில் இருக்கிறது.

ஆனால் கீழே நிற்கிறவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? மேலே ஒரு சாமான் இரைகிறது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது, பதிகிறதா சும்மா நிற்கிறதா, யார் ஓட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ரீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நாங்கள் கதைச்சதும் அதில பதிஞ்சிருக்குமோ" என்பது. இல்லை, அந்த ட்ரோனில் மைக் கிடையாது, அதன் காற்றாடிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவும் கேட்காது. சொன்னேன். அப்போதும் அவருடைய முகம் தெளியவில்லை.

பிறகுதான் தெரிந்தது. ரீச்சர் கிளிநொச்சியில் படிப்பித்தவர், 2009க்குப் பிறகுதான் கொழும்பில் தமையனின் இந்த வீட்டுக்கு வந்தார். வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வேவு விமானத்தை அங்கே 'வண்டு' என்பார்கள். வண்டு மேலே இரைந்துகொண்டு நின்றால், பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும், இல்லாவிட்டால் ஷெல் வரும். பங்கருக்குள் போவதா சமைத்ததைச் சாப்பிடுவதா என்று அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்களாம். அன்று காலை குசினிக்குள் நின்ற ரீச்சர் அந்தச் சத்தம் கேட்டதும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடி வந்திருக்கிறார். வீடியோவில் அதுவும் இருக்கிறது, ஒன்பதாவது செக்கனில், குசினி வாசலில் ஒரு வெள்ளைச் சேலை. அதை எனக்குச் சொல்லும்போது கையைக் காட்டினார், கையில் மயிர் சிலிர்த்து நின்றது. "இது கலியாண வீட்டுக் கமரா எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சும் கால் ஓடிட்டுது" என்றார்.

நான் யாழ்ப்பாணத்து அப்பா அம்மாவுக்குக் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். வண்டு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ரீச்சர் வீட்டுச் சுவர் நாலு அடி. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது.

சரி, சண்டைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் ஸ்டூடியோ முதலாளி, பொடியன், நான், தம்பி, ரீச்சரின் மருமகன் எல்லாரும் எங்கள் வீட்டு ஹோலில். பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் பொடியன், "ஆகாயம் எல்லாருக்கும் பொது அண்ணா, நான் உங்கட காணிக்குள்ள கால் வைக்கேல்லையே" என்று ஒரு வார்த்தை விட்டான். மருமகன் எழும்பிவிட்டார். "அப்ப நானும் என்ர காணிக்குள்ள நிண்டு கல்லெறியிறன், கல்லும் ஆகாயத்தாலதான் வரும்." 119க்கு எடுக்கப் போகிறேன் என்றார். தம்பிதான் பிடித்து இருத்தினான்.

அந்தப் பேச்சு எனக்கு மண்டைக்குள்ளேயே நின்றது, ஆகாயம் யாருடையது என்று. தேடி வாசித்தேன், புதுக்கடையில் வழக்குப் பேசும் என் ஒன்றுவிட்ட அக்காவிடமும் கேட்டேன். அமெரிக்காவில் வட கரோலைனாவில் ஒரு கோழிப்பண்ணைக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ விமானங்கள் அவருடைய காணிக்கு மேலே 83 அடி உயரத்தில் இறங்கி ஏற, கோழிகள் வெருண்டு சுவரில் மோதிச் செத்தன. 1946இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ஆகாயம் முழுவதும் காணிக்காரனுக்கு என்ற பழைய கதை செல்லாது, ஆனால் தன் காணியை அனுபவிக்கத் தேவையான அளவுக்கு அதன் மேல்வெளியும் அவனுக்குரியதுதான் என்று சொல்லிவிட்டது. 83 அடி என்றால் 25 மீற்றர். எங்கள் பொடியன் நின்றது எட்டு மீற்றரில். அதே நாட்டில் 2015இல் கென்டக்கி மாநிலத்தில் ஒருவர், மகள்மார் வளவில் இருக்கும்போது வந்தது என்று ட்ரோனைத் துவக்கால் சுட்டே விழுத்தினார். அவர் மீதான குற்றச்சாட்டை ஒரு நீதவான் தள்ளுபடி செய்தார். ட்ரோன்காரர் நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கை, இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் முடித்துவிட்டது. ஆகவே அங்கேயும் அந்தக் கேள்விக்குப் பதில் அப்படியே நிற்கிறது. இதை வாசித்துவிட்டு யாரும் கல்லைத் தூக்க வேண்டாம். விழுந்தால் அது விழப்போவது குழந்தை இருக்கிற அதே முற்றத்தில்தான்.

இங்கே நிலைமை என்ன என்றால், அக்கா சொன்னதைச் சொல்கிறேன். எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுக்குள் தனிமைக்கான உரிமை என்று வெளிப்படையாக ஒன்று எழுதப்படவில்லை. இந்தியாவில் 2017இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டது. இங்கே அப்படி இல்லை. ஆனால் அதனால் வழியே இல்லை என்று நினைக்கக்கூடாது. எங்கள் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தில் வந்தது, அதில் ஒருவரின் மானத்தையும் மரியாதையையும் வேண்டுமென்று குலைத்தால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இடம் இருக்கிறது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கு ஒருவர் தானே எடுத்து வைத்திருப்பதை அது தொடாது, ஆனால் காசுக்கு எடுக்கும் ஸ்டூடியோ வீட்டுத் தேவை என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, பிறகு தள்ளிப்போனது. எனக்கு இது பெரிய மனக்குறை. அயலவர் சண்டைக்கு நீதிமன்றத்துக்கு முன்னால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, செலவில்லை, சட்டத்தரணி தேவையில்லை. மருமகனிடம் நானே அதைச் சொன்னேன், எங்களுக்கு எதிராகப் போகிறதென்றாலும் போங்கோ என்று.

அனுமதி விஷயத்தில்தான் ஸ்டூடியோ முழுதாகச் சறுக்கியது. 249 கிராம் என்பதை ஏதோ மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். அந்த ஒரு கிராம் குறைப்பு அமெரிக்கா போன்ற நாடுகளின் 250 கிராம் எல்லைக்காகச் செய்தது. இலங்கையில் அந்த எடைக்கும் கட்டுநாயக்காவில் இருக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவு வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவைப்படும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதையே நிறுத்தியிருந்தார்களே, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை விமான நிலையமும் தூரம் இல்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கோ என்றேன். "இருக்கு அக்கா, ஒஃபிஸ்ல." இன்றுவரை நான் அதைக் காணவில்லை. 2020, 21 ஊரடங்கு நாட்களில் விமானப்படை ட்ரோனை வைத்துப் பொலிஸார் கொழும்பில் வீதியையும் தொடர்மாடிகளையும் பார்த்தபோது நாங்கள் எல்லாரும் யன்னலால் எட்டிப் பார்த்துப் படம் பிடித்தோம். அப்போதே மேலேயிருந்து பார்ப்பது பழகிவிட்டதோ என்று இப்போது யோசிக்கிறேன்.

அழிப்பது பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. "அழிச்சிட்டோம் அக்கா" என்றால் நம்பிவிடக்கூடாது. ட்ரோனுக்குள் இருக்கும் சின்ன மெமரி கார்ட் ஒன்று. பறக்கும்போதே றிமோட்டில் மாட்டிய போனுக்குள் ஒரு குறைந்த தரப் பிரதி சேமிக்கப்படலாம், செயலியில் அப்படி ஒரு வசதி இருக்கிறது, ஓட்டுகிறவனுக்கே சில நேரம் அது நினைவிருக்காது. எங்கள் பொடியனின் போனில் அது இருந்தது, என் முன்னால்தான் அழித்தான். பிறகு எடிட் செய்த லப்டொப், அதிலிருந்து காப்புக்காக ஏற்றிய ஹார்ட் டிஸ்க், எடிட்டருக்கு அனுப்பிய கூகுள் டிரைவ் லிங்க், அதில் குப்பைத்தொட்டியும். பேஸ்புக்கில் கழற்றியாகிவிட்டது, ஆனால் வட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பியதை யார் அழிப்பது? நானும் அம்மாவும் இருந்து ஒவ்வொருவராக எடுத்து, காரணத்தைச் சொல்லாமல், வேறு நல்ல வீடியோ வருகிறது, அதை அழித்துவிடுங்கோ என்று கேட்டோம். 31 பேர். 28 பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

புதிதாக வெட்டிய முழு வீடியோவில் மாமர ஷொட் இல்லை. கடல் ஷொட் இருக்கிறது. அதைப் போட முன் ஒரு தரம் ரீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் கண்ணால் பார்க்க வைத்தேன். நானும் தம்பியும் தம்பியின் மனைவியும் போனோம். "ரீச்சர், முழுக்க எங்கட பிழை, வந்து சொல்லாமல் விட்டது" என்றேன். மகள் வெளியே வரவில்லை, உள்ளே குழந்தையோடு இருந்தாள். அவளிடம் நான் இன்னும் நேரே பேசவில்லை. முற்றத்தில் இப்போது ஒரு நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறார்கள். மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரிகிறது.

ட்ரோன் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முன் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள், ஒஃபிஸில் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். எந்தப் பக்கத்தால் எழும்பி எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று முதல் நாளே மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு எல்லைக்கு மேலே தாழ இறங்கக்கூடாது என்று வாயால் சொல்லாமல் வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். டீசர் போட முன் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், அனுப்பினால் உங்கள் வீட்டு ஆட்களை மட்டும் பார்க்காமல் ஓரத்தில் இருக்கிறவர்களையும் பாருங்கள். அயலட்டைக்குக் கல்யாணக் கார்ட் கொடுக்கப் போகிறோம்தானே, அப்போதே "காலமை ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் ட்ரோன் பறக்கும், முத்தத்தில நிண்டால் உள்ள போங்கோ" என்று சொன்னால் போதும் என்றுதான் நான் முதலில் எழுத இருந்தேன். மச்சான்தான் திருத்தினார்: அவர்களை உள்ளே போகச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை, எத்தனை மணிக்கு வசதி என்று அவர்களைக் கேட்க வேண்டும். அவர் சொன்னதுதான் சரி.

இந்த ஸ்டூடியோவை மறுபடி பிடிப்பேனா? தரையில் நின்று எடுத்த அந்த இரண்டு பேருக்காகப் பிடிப்பேன், ட்ரோன் இல்லாமல். 35,000இல் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன். முதலாளி வாக்குவாதப்படவில்லை, பொடியனும் ரீச்சர் வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையும் அழித்துவிட்டதாக ஒரு செய்தி எழுதித் தருவதாகச் சொன்னார்கள், நேற்றோடு 12 நாள். வந்ததும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.